பார்த்துச் சொன்னதற்கும் கூலி உண்டு

எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பில்லில் மூன்று வரிகளுக்குத்தான் இடம். மாற்றிய பொருளின் விலை, விண்டோஸ் போட்ட கூலி, வந்து போன பெட்ரோல் செலவு. கோளாறு எங்கே என்று உட்கார்ந்து தேடினோமே, அதற்கு வரி கிடையாது. எழுதினால் அடித்துவிடுவார்கள். "மாட்டினதுக்குச் சரி, பார்த்ததுக்கு என்ன தம்பி காசு?" என்று என்னிடம் கேட்காத அச்சக முதலாளி சிவகாசியில் குறைவு. கேட்பவர்கள் கஞ்சர்களும் இல்லை. டிசைனருக்கு ஒரு லட்ச ரூபாய் சிஸ்டத்தை யோசிக்காமல் வாங்கித் தருகிறவர்கள்தான்.

புது கம்ப்யூட்டரில் வரும் கிராபிக்ஸ் டிரைவர் கோளாறுகள் தீராமல் இழுப்பதற்கு முக்கியக் காரணம் இந்த நாலாவது வரி இல்லாததுதான் என்பது என் கட்சி. தேடுவதற்குக் கூலி இல்லை, ஃபார்மட் அடிப்பதற்குக் கூலி உண்டு என்றால் எந்த மெக்கானிக்கும் ஃபார்மட்தான் அடிப்பான். அவன்மேல் மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

நான் அச்சகங்களுக்கும் டிசைன் ஆபீஸ்களுக்கும் சிஸ்டம் அசெம்பிள் செய்து கொடுத்து, சர்வீஸும் பார்ப்பவன். காலண்டர், பட்டாசு லேபிள், நோட்டு அட்டை என்று எல்லாம் ஃபோட்டோஷாப்பிலும் கோரல்டிராவிலும் உருவாகிற ஊர் இது. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிட வேண்டும். அதனால் வைகாசி, ஆனி மாதங்களில் டிசைனர்களுக்குச் சோறு தண்ணி கிடையாது. புது சிஸ்டம் வாங்குவதும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான். அது கழுத்தறுப்பதும் அந்தச் சமயத்தில்தான்.

கோளாறு இப்படித்தான் ஆரம்பிக்கும். பெரிய ஃபைல் ஒன்றைத் திறந்து பெரிதாக்கும்போது திரை கறுத்துப்போகும். ஓரிரு விநாடி கழித்துத் திரும்ப வரும். டிஸ்ப்ளே டிரைவரில் பிரச்சினை, கிராபிக்ஸ் வசதிகளைத் தற்காலிகமாக நிறுத்தியிருக்கிறேன் என்று ஃபோட்டோஷாப் ஒரு பெட்டியைக் காட்டும். டிசைனர் அதைப் போனில் படம் எடுத்து, சிஸ்டம் வாங்கிய கடைக்கு அனுப்புவார். பதில் உடனே வரும்: டிரைவர் பிரச்சினைதான், கொண்டு வாங்க, ஃபார்மட் அடிச்சுத் தர்றோம்.

அந்தப் பெட்டிக்குப் பின்னால் நடப்பது வேறு. ஃபோட்டோஷாப் ஒரு வேலையைக் கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்புகிறது. விண்டோஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறது. 2 விநாடிக்குள் கார்டு அந்த வேலையை முடிக்கவும் இல்லை, பாதியில் விடவும் இல்லை என்றால், கார்டு சிக்கிக்கொண்டது என்று முடிவு கட்டி, கார்டையும் டிரைவரையும் சேர்த்து ரீசெட் செய்துவிடுகிறது. திரை கறுப்பது அப்போதுதான். விஸ்டாவில் வந்த ஏற்பாடு இது. அதற்கு முன் எக்ஸ்பி காலத்தில் கார்டு சிக்கினால் பெரும்பாலும் மெஷினையே அணைத்துப் போட வேண்டியிருந்தது. சேமிக்காத வேலையெல்லாம் போய்விடும். ஆகவே நல்ல ஏற்பாடுதான். ஒரு நிமிடத்துக்குள் ஐந்து தடவைக்கு மேல் இப்படி ரீசெட் செய்ய நேர்ந்தால் விண்டோஸும் கைவிட்டுவிடும். 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' என்று நீலத்திரை வரும்.

இதில் விண்டோஸுக்குத் தெரிந்ததெல்லாம் கார்டிடமிருந்து பதில் வரவில்லை என்பது மட்டும். ஏன் வரவில்லை என்பது அதற்குத் தெரியாது. கரண்ட் பற்றாமல் போயிருக்கலாம், சூடேறியிருக்கலாம், ரேம் தப்பான தகவலைக் கொடுத்திருக்கலாம், கார்டே பழுதாக இருக்கலாம், டிரைவரிலும் பிழை இருக்கலாம். எது நடந்திருந்தாலும் செய்தியில் வருவது டிரைவர் பெயர்தான். கார்டோடு பேசுகிற மென்பொருள் அது ஒன்றுதானே. பெயர் வந்துவிட்டதால் பழியும் வந்துவிடுகிறது.

போன வருடம் ஆனி மாதத்தில் தினசரி காலண்டருக்குச் சாமி படம் திருத்துகிற ஓர் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். வெளியூர்க் கடை ஒன்றில் வாங்கிய புத்தம்புது சிஸ்டம். கடைக்காரர்கள் ஏற்கெனவே ஃபார்மட் அடித்துக் கொடுத்தும் சரியாகவில்லை. டிசைன் செய்கிற பெண் சொன்னாள்: "அண்ணே, முருகனைப் பெருசாக்கும்போதுதான் போகுது. பிள்ளையார் ஃபைல்ல ஒண்ணும் ஆகலை." முருகன் ஃபைலில் லேயர் அதிகம், அவ்வளவுதான். ஆனால் அவள் சொன்னதில் பாதி விடை இருந்தது. பளு ஏறும்போது மட்டும் போகிறது.

இவென்ட் வியூவரைத் திறந்தேன். விண்டோஸ் தனக்கு நடப்பதையெல்லாம் தேதி, நேரத்தோடு எழுதி வைக்கிற குறிப்பேடு அது. சிஸ்டம் பகுதியில் 4101 என்ற எண்ணைத் தேடினால், டிரைவர் பதில் சொல்லாமல் போய் மீண்ட ஒவ்வொரு தடவையும் வரிசையாக வரும். இது எல்லார் விண்டோஸிலும் இருக்கிறது, தனியாக எதையும் வாங்கவோ இறக்கவோ வேண்டியதில்லை. அந்த மெஷினில் ஃபார்மட்டுக்குப் பிறகு சேர்ந்த பட்டியலே நீளமாக இருந்தது. நேரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தால், எல்லாமே காலை 11 மணிக்கு மேல், சாயங்காலம் 5 மணிக்குள். அந்தப் பெண் ராத்திரி பத்து மணி வரை அதே ஃபைல்களில் வேலை பார்த்த நாட்கள் உண்டு. ராத்திரியில் ஒன்றுகூட இல்லை.

டிரைவருக்குப் பகல் இரவு தெரியாது. பகலில் அந்தக் கட்டடத்தில் வேறு என்ன நடக்கிறது? கீழ்த்தளத்தில் ஆஃப்செட் மெஷின் ஓடுகிறது, லைனில் வோல்டேஜ் இறங்குகிறது, மேல்மாடி அறை கொதிக்கிறது. கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே கலர் கலராக விளக்கு எரிகிற ஃபேன்கள், கண்ணாடிக் கதவு, பார்க்க லட்சணம். எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் மட்டும் கேள்விப்படாத பெயர். மேலே கொட்டை எழுத்தில் 450 வாட். பக்கவாட்டு லேபிளில் சின்ன எழுத்தில்தான் உண்மை இருக்கும்: 12 வோல்ட் லைனுக்கு 16 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 192 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது இந்த 12 வோல்ட் லைனிலிருந்துதான். அந்தக் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060. அது ஒன்றே 170 வாட் வரை இழுக்கும்; 550 வாட் எஸ்எம்பிஎஸ் போடச் சொல்லி அதைத் தயாரித்தவர்களே பரிந்துரைத்திருக்கிறார்கள். கார்டில் செருகும் 8 பின் வயர் அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லவே இல்லை. ஹார்டு டிஸ்குக்குக் கொடுக்கிற வெள்ளைக் கனெக்டரிலிருந்து ஒரு கன்வெர்ட்டர் போட்டு இழுத்திருந்தார்கள். அந்த வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, தொட்டால் சுட்டது.

நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டினேன். டிரைவரைத் தொடவே இல்லை. முருகன் அதன்பிறகு பெரிதாகத் தடையில்லை.

பில்லில் எஸ்எம்பிஎஸ் விலைக்கு ஆபீஸ் முதலாளி அண்ணாச்சி ஒரு பேச்சுப் பேசவில்லை. "சோதித்தது: 600 ரூபாய்" என்ற வரியைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "எதையும் கழட்டி மாட்டலையே தம்பி, உக்காந்து வாசிச்சுட்டுத்தானே இருந்த?" வாசித்ததால்தான் எதை மாட்ட வேண்டும் என்று தெரிந்தது அண்ணாச்சி என்றேன். 300-க்கு முடிந்தது.

அவருக்கு அந்த ஃபார்மட்டால் எவ்வளவு நஷ்டம் என்று யாரும் பில் போடவில்லை. சிவகாசி டிசைனரின் மெஷினில் ஃபார்மட் என்பது அரை மணி நேர வேலை இல்லை. இருபது வருடமாகச் சேர்த்த தமிழ் ஃபான்ட்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். பழைய முறையில் அடித்த ஃபைல்களைத் திறக்க ஒவ்வொன்றும் அதே ஃபான்ட்டாக வேண்டும், இல்லையென்றால் பஞ்சாங்கக் குறிப்பெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். கலர் புரொஃபைல், புரூஃப் எடுக்கும் பிரிண்டரின் செட்டிங், பிரஷ், ஆக்‌ஷன் எல்லாம் மறுபடியும் ஏற்ற வேண்டும். ஒரு நாள் முழுசாகப் போகும். இதைவிடப் பெரிய நஷ்டம், அந்த 4101 பட்டியல் முழுக்க அழிந்துபோவது. துப்புத் துலக்க வேண்டிய இடத்தைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, அடுத்து வருகிறவனைத் துப்புத் துலக்கச் சொல்கிறோம்.

ஊசி போடாத டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்க மனசு வராத ஊர்கள் நம்முடையவை. நாடியைப் பிடித்து, நாக்கைப் பார்த்து, ஒன்றுமில்லை, ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று அனுப்புகிறவரைவிட, எதற்கும் ஒன்று குத்தி அனுப்புகிறவர் கைராசிக்காரர். கம்ப்யூட்டர் தொழிலில் ஃபார்மட்தான் அந்த ஊசி. பார்வைக்கு ஏதோ நடக்கிறது, சதவீதம் ஏறுகிறது, முடிந்ததும் மெஷின் கொஞ்ச நேரம் சுறுசுறுப்பாகவும் இருக்கிறது.

புது சிஸ்டத்தில் இது இன்னும் மோசம். எல்லாம் புதுசு, பொருளில் பழுது இருக்காது, ஆகவே சாஃப்ட்வேர்தான் என்று வாங்கினவரும் விற்றவரும் ஒருசேர நம்புகிறார்கள். என் அனுபவம் நேர் எதிர். ஒரு வருடம் ஒழுங்காக ஓடிய மெஷினில் திடீரென்று கிராபிக்ஸ் கோளாறு வந்தால் நான் முதலில் டிரைவரைத்தான் சந்தேகப்படுவேன். நடுவில் ஏதோ அப்டேட் ஆகியிருக்கும். பெட்டி பிரித்த முதல் மாதத்திலேயே வந்தால் கேபினெட்டைத் திறப்பேன். பொருத்தியதில் உள்ள குறையெல்லாம் முதல் மாதத்தில்தான் வெளியே வரும்.

பெரிய இடத்திலேயே இந்தக் குழப்பம் நடந்திருக்கிறது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றை வைத்துக் கேம் ஆடியவர்களுக்கு, வீடியோ மெமரி போதவில்லை என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. கார்டில் மெமரி தாராளமாக இருக்கும், ஆனாலும் செய்தி வரும். டிரைவரை மாற்றினார்கள், கார்டை மாற்றினார்கள், விண்டோஸ் மாற்றினார்கள். 2024 ஏப்ரலில் என்விடியா தன் டிரைவர் குறிப்பிலேயே, இந்தப் பிராசசர் வைத்திருந்தால் இன்டெல்லிடம் கேளுங்கள் என்று கைகாட்டியது. கடைசியில் பிராசசரே தனக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கி, நாளடைவில் கெட்டுப்போகிறது என்று தெரியவந்தது. 2024 ஆகஸ்ட்டில் இன்டெல் அதற்குத் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டியது. வீடியோ மெமரி என்று சொன்ன செய்தியை நம்பி கார்டை மாற்றியவர்களை நினைத்துப் பாருங்கள். அந்தத் தலைமுறை பிராசசர் உள்ள மெஷின் இன்றும் விற்பனையில் உண்டு. வாங்குகிறவர்கள் அந்தத் திருத்தத்தோடு பயாஸ் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று கடையிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

ரேமும் லேசுப்பட்டதல்ல. பயாஸில் எக்ஸ்எம்பி என்று ஒன்றை ஆன் செய்து, ரேமை அதிக வேகத்தில் ஓட விட்டுத் தருவது அசெம்பிள் செய்கிறவர்களின் வழக்கம். பெரும்பாலும் ஓடும். சில போர்டில் சில ரேம் முரண்டு பிடிக்கும். கேம் ஆடும்போது மட்டும் டிரைவர் விழும். அதை ஆஃப் செய்து ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. எங்கள் தொழிலில் பென்சில் ரப்பரால் ரேமின் தங்கப் பல்லைத் துடைப்பது ஒரு சடங்கு. பழைய மெஷினுக்குச் சில சமயம் பலிக்கும். புது ரேமுக்கு அது வெறும் சடங்கு.

இன்னொரு ரகம் உண்டு. புது சிஸ்டம் என்று விற்கிறார்கள், உள்ளே கார்டு மட்டும் பழசு. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயம் கிராபிக்ஸ் கார்டு வைத்துத் தோண்டுகிற (மைனிங்) முறையைக் கைவிட்டதும், உலகம் முழுக்கச் சுரங்கத்தில் ராப்பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. தோண்டுவதற்குத் தோதாக அவற்றின் பயாஸைத் திருத்தியிருப்பார்கள். அப்படித் திருத்திய ஏஎம்டி கார்டுகளை மாட்டினால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வரும். உள்ளே கோட் 43 என்று இருக்கும். சாதனம் கோளாறு சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். ஃபார்மட் அடித்தால் கார்டில் உள்ள பயாஸ் மாறாது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் கார்டின் ஜாதகத்தையே சொல்லிவிடும். பழைய சில்லுக்குப் புதுப் பெயர் ஒட்டி விற்கிற போலிக் கார்டையும் அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். சிஸ்டத்தை வீட்டுக்குத் தூக்கிப் போவதற்கு முன் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லலாம்.

கார்டு போட்ட சிஸ்டத்தில் மானிட்டர் வயரைப் போர்டில் செருகிவிட்டு, கார்டு வேலை செய்யவில்லை என்று கூப்பிடுகிறவர்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. கீழே படுக்கைவசமாக இருக்கிற துளையில் செருகுங்கள், மேலே நிற்கிற துளைகளில் வேண்டாம். பிராசசர் பெயர் எஃப் என்று முடிந்தால் மேலே செருகினால் திரையே வராது, அதில் உள்கிராபிக்ஸ் கிடையாது.

டிரைவர்கள் யோக்கியம் என்று நான் வாதாட வரவில்லை. விஸ்டா வந்த சமயத்தில், 2007-இல் பதிவான விஸ்டா செயலிழப்புகளில் 28 சதவீதத்துக்கு மேல் என்விடியா டிரைவர் கணக்கில் இருந்ததாக, அமெரிக்க வழக்கு ஒன்றில் வெளிவந்த மைக்ரோசாஃப்ட்டின் உள் ஆவணமே சொன்னது. 2010-இல் ஒரு டிரைவர் பதிப்பு கார்டின் ஃபேன் வேகத்தையே குழப்பி, அதை என்விடியா திரும்பப் பெற்றுக்கொண்டது. 2025-லும் புதிய 50 வரிசைக் கார்டுகளில் கறுப்புத் திரை வந்து திருத்தம் மேல் திருத்தம் வெளியானது. ஆனால் டிரைவரே குற்றவாளி என்றாலும் அதற்கு வைத்தியம் ஃபார்மட் அல்ல. டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, முந்தைய பதிப்புக்குப் போய்விடும். அதிலும் படியவில்லை என்றால் நெட்டைத் துண்டித்துவிட்டு, சேஃப் மோடில் டிடியு என்ற கருவியால் பழைய டிரைவரைச் சுத்தமாக எடுத்துவிட்டு, புதிதாகப் போடலாம். நெட்டைத் துண்டிக்காவிட்டால் நாம் போடுவதற்குள் விண்டோஸ் அப்டேட் தன் இஷ்டத்துக்கு ஒன்றைப் போட்டுவிடும். டிசைனர்களுக்கு நான் ஸ்டுடியோ டிரைவரைத்தான் போடுவேன். கேமுக்காக அவசரமாக வருகிற பதிப்பு அவர்களுக்கு எதற்கு? இதில் எதைச் செய்தாலும் ஃபான்ட் ஒன்றுகூடக் காணாமல் போகாது.

அந்த 2 விநாடியை ரிஜிஸ்ட்ரியில் 10, 20 என்று கூட்டி வைக்கச் சொல்லும் வீடியோக்களும் யூடியூபில் ஓடுகின்றன. நீண்ட நேரம் ரெண்டர் செய்கிற முப்பரிமாண வேலைக்காரர்களுக்கு அது தேவைப்படலாம். மற்றவர்களுக்கு, 2 விநாடி கறுக்கிற திரை 20 விநாடி உறைந்து நிற்கும், அவ்வளவுதான்.

இவ்வளவையும் பார்ப்பதற்கு நேரம் ஆகும். பளு கொடுத்துப் பார்க்க வேண்டும், ரேமை ராத்திரி முழுக்கச் சோதிக்க வேண்டும், வேறு எஸ்எம்பிஎஸ், வேறு வயர் மாட்டிப் பார்க்க வேண்டும். இதற்குக் கூலி கேட்கிற மெக்கானிக்கைப் பேராசைக்காரன் என்றும், அரை மணியில் ஃபார்மட் அடித்து 500 வாங்குகிறவனைக் கெட்டிக்காரன் என்றும் சொல்லிக்கொண்டிருந்தால் கெட்டிக்காரர்கள்தான் மிஞ்சுவார்கள். எனக்கு அடுத்து இந்த வேலைக்கு வருகிற பையன்கள் இவென்ட் வியூவரைத் திறந்து பார்த்ததே இல்லை. யாரும் அதற்குக் காசு கொடுக்காதபோது ஏன் திறக்கப் போகிறார்கள்?

எதிர்வாதம் எனக்குத் தெரியும். நாள் பூராவும் வைத்திருந்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொன்னாலும் கூலி தர வேண்டுமா? இதைச் சாக்காக வைத்துப் பார்க்காமலே பார்த்தேன் என்று சொல்கிற ஆட்கள் எங்கள் தொழிலில் உண்டு என்பதையும் மறுக்கவில்லை. அதனால் கூலி கேட்கிறவன் கண்டதைத் தாளில் எழுதித் தர வேண்டும்: என்னென்ன சோதித்தான், எந்தத் தேதியில் என்ன கோளாறு பதிவாகியிருந்தது, எஸ்எம்பிஎஸ் லேபிளில் என்ன இருந்தது. அந்தத் தாள் இருந்தால் விற்ற கடையில் போய் நிற்கலாம். கடைக்காரர் மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் கொண்டுபோகலாம். ஃபார்மட் அடித்ததற்கு அங்கே காட்ட என்ன இருக்கிறது? விற்கிறவர்களும் பில்லில் 'ஐ5 சிஸ்டம், 1 செட்' என்று ஒரே வரியில் முடிக்காமல், எஸ்எம்பிஎஸ் மாடல் உட்பட ஒவ்வொரு பொருளையும் சீரியல் எண்ணோடு எழுத வேண்டும். கேட்டால் எழுதித் தருவார்கள். பெரும்பாலோர் கேட்பதில்லை.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு முடிந்தது. பழைய மெஷின்களில் விண்டோஸ் 11 ஏறாததால் எங்கள் ஊரில் அச்சகத்துக்கு ஒன்றிரண்டு புது சிஸ்டம் இறங்கிக்கொண்டிருக்கிறது. அவசரத்தில் அசெம்பிள் ஆகிறவைதான் அதிகம். கறுப்புத் திரையோடு யாரிடமாவது போனால், வேலையைத் தொடங்குவதற்கு முன்பே சோதனைக் கூலி இவ்வளவு என்று பேசி முடித்துவிடுங்கள். காரணத்தைக் கண்டுபிடித்து எழுதித் தந்தால் முழுசாகக் கொடுங்கள். கண்டுபிடிக்க முடியாமல் போனாலும் என்னென்ன பார்த்தான் என்று எழுதித் தந்தால் பாதி கொடுங்கள். எழுதித் தராதவனுக்குப் பெட்ரோல் காசு போதும்.